பொதிகை மலை எரிமலையா? ஒரு தம்பி கேட்ட கேள்வியும் அது இழுத்துக்கொண்டு போன இடங்களும்

14 ஜூன் 2025, கேள்வி

அண்ணாச்சி, எங்க குரூப்பில் ஒரு வாரமா ஒரு வீடியோ சுத்துது. பாபநாசத்துக்கு மேலே காரையார் அணையைச் சுத்தி மலை வட்டமா நிக்குது பாருங்க, அது எரிமலையோட வாய்ங்கிறான். தேரி மணல்மேடு சிவப்பா இருக்கிறது எரிமலைச் சாம்பலாம், கோவில்பட்டி கரிசல் ஆறிப்போன குழம்பாம். 1998-ல் அபிஷேகப்பட்டியில் பாறை உருகி வெளியே வந்த சேதியையும் காட்டுறான். நீங்க ஆப்பிரிக்காவில் எரிமலைக்குள்ளேயே இறங்கிச் சோறு தின்னவர்னு சொல்வீங்களே, இது நிஜமா கதையா?

14 ஜூன், இரவு

கதை.

விவரம் நாளைக்கு. இங்கே கரண்ட் போயிட்டுப் போயிட்டு வருது.

15 ஜூன்

சோறு தின்றது உண்மை, முழுசாகத் தின்னவில்லை என்பதும் உண்மை. அதைப் பிறகு சொல்கிறேன்.

2006-லிருந்து 2011 வரை தான்சானியாவில் அருஷா என்கிற ஊரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து நான்கு மணி நேரம் வண்டியில் போனால் ஙொரொங்கோரோ. நம் வாயில் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொள்ளும் பெயர். என் மனைவி கடைசி வரை ‘கொரங்கு ஊரு’ என்றுதான் சொன்னாள். அது ஒரு பழைய எரிமலை, இப்போது மலை இல்லை, மலை இருந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம். 1959 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி, 1979-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பள்ளம் மட்டும் இல்லை, சுற்றியிருக்கிற மேட்டுநிலம், காடு, புல்வெளி எல்லாம் சேர்த்துச் சுமார் 8,300 சதுர கிலோமீட்டர்.

முதல் தடவை போனபோது என்ன பார்த்தேன் தெரியுமா? வெள்ளை. சமவெளியைத் தாண்டி, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் சுவரில் ஏறி, கராத்து ஊர்ச் செம்மண்ணைத் தாண்டி, காட்டுக்குள் வளைந்து வளைந்து போய் விளிம்பில் நிறுத்தினான் டிரைவர். இறங்கிப் பார்த்தால் சீசனில் செங்கோட்டைக் கணவாயில் மேகம் இறங்கின மாதிரி, கைக்கெட்டும் தூரத்துக்கு மேல் ஒரு மண்ணும் தெரியவில்லை. டிரைவர் பால்போல இருந்த அந்த வெள்ளையைக் காட்டி ‘இதுதான்’ என்றான். நானும் தலையாட்டினேன். கூட வந்த சினேகிதர் போட்டோ கூட எடுத்தார். அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது, வெறும் சாம்பல் நிறம், ஓரத்தில் என் காது.

16 ஜூன்

இரண்டாவது தடவை பிப்ரவரியில் போனோம், வானம் துடைத்து விட்டமாதிரி இருந்தது.

அளவைச் சொன்னால்தான் தம்பிக்கு விளங்கும். குறுக்கே ஒரு பக்கம் 16 கிலோமீட்டர், ஒரு பக்கம் 19. அதாவது நெல்லை ஜங்ஷனில் ஒரு சுவர், சேரன்மகாதேவிப் பக்கம் எதிர்ச்சுவர். தரை மட்டும் 260 சதுர கிலோமீட்டர். விளிம்பிலிருந்து தரைக்கு ஆழம் சுமார் 610 மீட்டர், 2,000 அடி. நமக்குத் தெரிந்த கணக்கில், 143 அடி பாபநாசம் அணையை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினாலு தடவை அடுக்கவேண்டும். அப்படி ஒரு பள்ளம்.

பள்ளம் என்றதும் தாழ்வான இடம் என்று நினைத்துவிடாதே. அந்தத் தரையே கடல் மட்டத்திலிருந்து 1,700, 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் அகத்தியர் மலை உச்சி 1,868. நம் உச்சியும் அவர்கள் பள்ளத்தின் அடியும் ஏறக்குறைய ஒரே மட்டம். இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டபோது கொஞ்சம் கோபமாகக்கூட வந்தது.

மேலிருந்து பார்த்தால் எருமைக் கூட்டம் எள் சிந்தின மாதிரி. இறங்குகிற பாதை செனெட்டோ பக்கம், ஏறுகிற பாதை லெராய் பக்கம். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் விடுவார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குள் மேலே வந்துவிடவேண்டும். எங்கள் வண்டிக் கம்பெனி (பெயர் வேண்டாம்) நாலு சக்கரமும் இழுக்கும் என்று பணம் வாங்கியது. ஏறும்போது இரண்டுதான் இழுத்தது. ஆறேகாலுக்கு மேலே வந்து, வாசலில் நின்றவரிடம் டிரைவர் ஸ்வாஹிலியில் கெஞ்சின கெஞ்சலுக்குத் தனியாகக் காசு கொடுக்கலாம்.

சோற்றுக் கதை: கீழே வண்டியை விட்டு இறங்க அனுமதியுள்ள இடம் சிலதுதான். அதில் ஒன்று ஙொய்டோகிடோக் ஊற்று. நல்ல தண்ணீர்க் குளம், உள்ளே நீர்யானை, கரையில் ஒரு மரம். நான் புளியோதரையைத் திறந்து ஒரு கை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறேன், பின்னாலிருந்து ஒரு அறை. கரும்பருந்து. கையில் இருந்த சோறு போய்விட்டது, நகம் கீறின தழும்பு கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது. மீதியை வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். எரிமலைக்குள் சோறு தின்ற லட்சணம் இதுதான்.

17 ஜூன்

தம்பி, நீ கேள்வியில் ‘வாய்’ என்றாய். நானும் அருஷாவில் ஒரு வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தப்பு. எரிமலைக்கு வாய் வேறு, இது வேறு. நெருப்புக் குழம்பு வெளியே வருகிற துளைதான் வாய். இந்த மாதிரிப் பள்ளத்துக்குக் கால்டெரா என்று பெயர், கொப்பரை என்று அர்த்தமுள்ள ஸ்பானியச் சொல். இங்கே ‘கொப்பரை’ என்று எழுதினால் பாதிப் பேர் தேங்காய் விலையைக் கேட்பீர்கள் என்பதால் கால்டெரா என்றே வைத்துக்கொள்வோம்.

19 ஜூன்

வெடித்துத் தூக்கி எறிந்து பள்ளமாயிற்றா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதுதான் எல்லோரும் நினைப்பது. நடந்தது வேறு.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தாத்தா வீட்டு நடுக்கட்டு மச்சு 1992-ல் ஐப்பசி மழையில் விழுந்தது. யாரும் இடிக்கவில்லை. பாட்டி போன பிறகு பூட்டிக் கிடந்த வீடு. கரையான் உத்திரத்தை வருஷக்கணக்காக உள்ளேயே தின்று கூடாக்கிவிட்டது, வெளியே சுண்ணாம்புப் பூச்சு மட்டும் பழையபடி. ஒருநாள் ராத்திரி நடுக்கூரை அப்படியே தளத்தோடு உள்ளே இறங்கிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் நாலு சுவரும் ஒரு விரிசல் இல்லாமல் நிற்கிறது, பிறையில் விளக்கு வைத்த எண்ணெய்க் கறை கூட அப்படியே. தரைதான் ஆள் உயரம் மேலே வந்திருந்தது. செங்கல், காரை, கட்டை எல்லாம் அங்கே குவிந்து.

ஙொரொங்கோரோ அந்த நடுக்கட்டுதான். சுமார் 20 லட்சம், 25 லட்சம் வருஷத்துக்கு முன்னால் அது கிளிமஞ்சாரோவோடு போட்டி போடக்கூடிய மலையாக இருந்திருக்கும் என்கிறார்கள், 4,500 மீட்டரிலிருந்து 5,800 வரை மதிப்புச் சொல்கிறார்கள். மலைக்கு அடியில் குழம்பு தேங்கிய அறை. அந்தக் குழம்பு வெளியே வந்து வழிந்து வடிய வடிய உள்ளே தாங்க ஆள் இல்லை. மேலே மலையின் கனம். வட்டமாக விரிசல் விட்டு நடுப்பகுதி அப்படியே கீழே அமர்ந்துவிட்டது. சுற்றி நின்ற சுவர்தான் இப்போது நாம் நிற்கிற விளிம்பு. ஆக, அந்த 260 சதுர கிலோமீட்டர் தரைக்கு அடியில் கிடப்பது மலையின் கூரை.

சுவர் எல்லாப் பக்கமும் உடையாமல் நிற்கிறது, உள்ளே கடலோ பெரிய ஏரியோ நிரம்பவில்லை. உலகத்தில் இப்படி முழுசாகவும் காய்ந்தும் கிடக்கிற கால்டெராக்களில் இதுதான் பெரியது.

19 ஜூன், பத்து நிமிஷம் கழித்து

என் மனைவி இதைப் படித்துவிட்டு ‘இவ்வளவு எதுக்கு, ஊதின பூரியில் ஓட்டை விழுந்தா நடு அமுங்கும், ஓரம் நிக்கும்னு சொன்னா போதாதா’ என்கிறாள். போதும்தான். நான் வீட்டைப் பறிகொடுத்தவன், அதனால் வீட்டைச் சொன்னேன்.

22 ஜூன்

சரி, காரையாருக்கு வருவோம். மலை சுற்றி நிற்பதால் மட்டும் கால்டெரா ஆகிவிடாது. ஆறு பல லட்சம் வருஷம் அரித்தாலும் கிண்ணம் மாதிரி இடம் கிடைக்கும். வானத்திலிருந்து கல் விழுந்தாலும் கிடைக்கும், மகாராஷ்டிராவில் லோனார் ஏரியை ரொம்ப காலம் எரிமலை என்றே நினைத்தார்கள், பிறகு விண்கல் மோதின பள்ளம் என்று தெரிந்தது.

ஙொரொங்கோரோவில் முங்கே ஓடை உள்ளே இறங்குகிறது, ஊற்றுகள் இருக்கின்றன, ஆனால் வெளியே போகிற ஆறு ஒன்றுகூட இல்லை. உள்ளே வந்த தண்ணீர் வெயிலில் ஆவியாகித்தான் போகவேண்டும். பாறையிலிருந்து கரைத்துக்கொண்டு வந்த உப்பும் காரமும் அடியில் தங்கிவிடும். நடுவில் இருக்கிற ஏரிக்குப் பெயரே மகாடி. ஸ்வாஹிலியில் மகாடி என்றால் சோடாக் காரம். கரையில் வெள்ளையாகப் பொருக்கு, பூநாரைக் கூட்டம், காற்று அந்தப் பக்கமாக அடித்தால் உதட்டில் கரிக்கும். நம் தாமிரபரணி மலையிலிருந்து இறங்கி வெளியே ஓடிவிடுகிறது. அதன் தண்ணீர் இனிக்கிறதே, அதுவே சாட்சி, மேலே மூடின கொப்பரை இல்லை.

மகாடி என்றதும் ஞாபகம். அருஷா சந்தையில் குட்டிக் குட்டிக் குவியலாக விற்பார்கள், பழுப்பு வெள்ளைக் கட்டி, அவரைப் பயறு சீக்கிரம் வேகப் போடுவார்கள். என் மனைவி கல்லிடைக்குறிச்சிப் பெண், அப்பளத்தோடு பிறந்தவள். ஊரிலிருந்து கொண்டுபோன அப்பளக்காரம் தீர்ந்த மாதம் அவள் கண்ணில் இது பட்டது. நாக்கில் வைத்துப் பார்த்தாள், ‘அதே காரம்தான்’ என்றாள். உளுந்து மாவில் கரைத்து ஊற்றி இடித்தாள். மாவு மஞ்சள் பூத்துவிட்டது. இட்டுக் காயவைத்துப் பொரித்தால் செங்கல் நிறம், வாயில் சோப்பு. அளவு தெரியாமல் போட்டதால் வந்த வினை. இரண்டாவது தடவை பாதிக்கும் பாதி போட்டாள், நன்றாகவே வந்தது. எரிமலையில் விளைந்த காரத்தில் கல்லிடைக்குறிச்சி அப்பளம் பொரித்துத் தின்றவன் என்று நான் பெருமை பேசுவது அதனால்தான்.

23 ஜூன்

இரண்டு திருத்தம், இரண்டும் நேற்று நான் வேகத்தில் எழுதினது.

ஒன்று, ‘தண்ணீர் இனிப்பே சாட்சி’ என்றது செல்லாது. அமெரிக்காவில் ஆரெகனில் கிரேட்டர் லேக் இருக்கிறதே என்று ஒருவர் பிடித்துவிட்டார். நியாயம். அதுவும் கால்டெராதான், சுமார் 7,700 வருஷம் முன்னால் மசாமா மலை அமர்ந்து உண்டானது, 594 மீட்டர் ஆழம், வெளியே போகும் ஆறு கிடையாது, ஆனாலும் நல்ல தண்ணீர். அங்கே பனி கொட்டித் தள்ளும், அதிகத் தண்ணீர் அடிப்பாறை வழியாகக் கசிந்து போய்விடுகிறது. ஙொரொங்கோரோவில் வெயில் ஜெயிக்கிறது, அங்கே பனி ஜெயிக்கிறது. காரையாருக்கு வேறு சாட்சி வேண்டும், அது பாறை. பாறைக்கு வருவேன், கொஞ்சம் பொறு.

இரண்டு, சந்தையில் வாங்கின மகாடி இந்தக் கால்டெராவிலிருந்து வந்ததில்லை. பாதுகாக்கப்பட்ட இடத்தில் யாரும் அள்ளி விற்க முடியாது. அந்தப் பிளவுப் பள்ளத்தாக்கு நெடுக இப்படிச் சோடா ஏரிகள் இருக்கின்றன, சந்தைச் சரக்கு அங்கிருந்து வருகிறது. அப்பளப் பெருமையில் பாதியைக் கழித்துக்கொள்ளவும்.

29 ஜூன்

காரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு. அங்கே வடகிழக்கே ஒல் டொய்ன்யோ லெங்காய் என்று ஒரு மலை, 2,962 மீட்டர், அங்கே மாடு மேய்க்கிற மாசாய் மக்களின் மொழியில் கடவுளின் மலை. இன்றும் உயிரோடு இருக்கிறது. உலகத்தில் வேறு எந்த உயிருள்ள எரிமலையும் கக்காத குழம்பைக் கக்குகிறது. சாதாரணக் குழம்பு 1,100 டிகிரி என்றால் இது 500, 600 டிகிரிதான், பகலில் சிவப்பே தெரியாது, பழைய என்ஜின் ஆயில் மாதிரி கருப்பாகத் தண்ணீராக ஓடும். காற்றில் ஈரம் பட்டதும் சில நாளில் வெளுத்துவிடும். ஏனென்றால் அது சோடியம், பொட்டாசியம் கார்பனேட். பச்சையாகச் சொன்னால் உருகின சலவைச் சோடா. உச்சி வெள்ளையாக இருப்பதைப் பார்த்துப் பனி என்று நினைத்தவன் நான் மட்டும் இல்லை.

2007 ஜூலையில் பூமி ஆடியது. நைரோபி வரை ஆட்டம். ஆபீஸில் நான் கணக்குச் சரியாக வராத கோபத்தில் இருந்தேன், மேஜையில் டம்ளர் கிணுகிணு என்றது, நான் யாரோ மேஜையை உதைக்கிறார்கள் என்று நினைத்து எதிரே இருந்தவனை முறைத்தேன். அவன் என்னை முறைத்தான். இரண்டு பேரும் வாசலுக்கு ஓடினோம். செப்டம்பரில் லெங்காய் சாம்பல் கக்க ஆரம்பித்தது, அடுத்த வருஷம் வரை விட்டு விட்டு.

2 ஜூலை

இந்த இழையில் எனக்கு உண்மையிலேயே சொல்ல ஆசையுள்ள விஷயம் இது, நடுவில் வந்துவிட்டது, பரவாயில்லை.

ஙொரொங்கோரோவுக்கு மேற்கே இறங்கினால் செரெங்கெட்டி. கண்ணுக்கெட்டும் தூரம் வரை கணுக்கால் உயரப் புல், ஒரு மரம் கிடையாது. நான் முதலில் ‘மழை இல்லாத ஊர், மரம் எப்படி வரும்’ என்று நினைத்தேன். மழை குறைவுதான். கிழக்கேயிருந்து வருகிற ஈரக்காற்று மலையின் கிழக்குச் சரிவில் மோதி அங்கேயே கொட்டிவிடும், அங்கே அடர்ந்த காடு, மேற்கே மறைவு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் நனைய, இந்தப் பக்கம் நாம் சாரலை நக்கிக்கொண்டிருப்பது போல. ஆனால் மழை மட்டும் காரணம் இல்லை.

மச்சானுக்கு நாங்குநேரிப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. தென்னங்கன்று வைக்கக் குழி எடுத்தால் இரண்டடியில் கடப்பாரை ‘ணங்’ என்கும். சுக்கான்பாறை. வெள்ளையாக, சுண்ணாம்பு கட்டினது. அதை உடைத்து எடுக்காமல் வைத்தால் கன்று மூன்று வருஷம் நிற்கும், நாலாவது வருஷம் குருத்து சிறுத்துப் போகும். வேர் இறங்காது. மேலே பயறோ புல்லோ நன்றாக வரும், மரம் வராது.

செரெங்கெட்டியில் அதேதான், எரிமலை செய்துவைத்தது. அந்த மலைகளின் சாம்பல் காற்றில் மேற்கே போய் விழுந்தது. அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குறைந்த மழை அதைக் கரைத்துக் கொஞ்சம் கீழே கொண்டுபோகும், இன்னும் கீழே தள்ள மழைக்குச் சக்தி இல்லை, அங்கேயே இறுகிப் பாறையாகும். மேலே மரம் முளைக்காது, புல் முளைக்கும். சாம்பலில் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் நிறைய, அதனால் அந்தப் புல் பால் சுரக்க நல்லது. லட்சக்கணக்கான வைல்டபீஸ்ட், பார்க்க மாடு மாதிரி இருக்கிற மான் இனம், ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே வந்துதான் கன்று போடுகின்றன. டி.வி.யில் அந்த மந்தை ஆற்றைத் தாண்டுவதையே காட்டுகிறார்கள், காலடியில் இருக்கிற சுக்கானை ஒருத்தரும் காட்டுவதில்லை.

அந்தச் சாம்பலுக்கு இன்னொரு குணம், லேசாகத் தூறல் விழுந்து காய்ந்தால் சிமெண்டுபோல இறுகும். லெட்டோலி என்ற இடத்தில் 36 லட்சம் வருஷம் முன்னால் அப்படி ஈரச் சாம்பலில் இரண்டு காலால் நடந்து போனவர்களின் தடம் அப்படியே இருக்கிறது, 1978-ல் மேரி லீக்கி குழுவினர் தோண்டி எடுத்தார்கள். புதுத் தளத்தில் நாய் நடந்து போனால் கொத்தனார் திட்டுவாரே, அந்த மாதிரித் தடம்.

6 ஜூலை

தேரி, கரிசல் இரண்டுக்கும் பதில் பாக்கி.

சிவப்பு என்றால் எரிமலை என்று நானும் நம்பினேன். கராத்துச் செம்மண் எரிமலைப் பாறை மக்கினது, பார்த்தால் திசையன்விளைத் தேரியேதான். ஊருக்கு வந்தபோது குதிரைமொழித் தேரியில் நின்றுகொண்டு என் மகனுக்கு ‘இதுவும் எரிமலை மண்’ என்று பாடம் எடுத்தேன். பையன் அதைப் பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கினானா இழந்தானா என்று இன்றுவரை சொல்லவில்லை. தேரி காற்று குவித்த மணல். உள்ளே வெள்ளைக் குவார்ட்ஸ், மேலே துருப்போல இரும்பு பூசியிருக்கிறது, அவ்வளவுதான். கையில் வைத்துத் தேய்த்தால் சிவப்பு விரலில் ஒட்டும்.

கரிசலும் அப்படி. தக்காணத்துக் கரிசல் எரிமலைக் குழம்பு உறைந்த பாறையிலிருந்து வந்தது, அது சரி, சுமார் 6.6 கோடி வருஷப் பழசு. அந்தக் குழம்பு கோவில்பட்டிக்கு வரவில்லை. நம் கரிசல் இங்கத்து நைஸ் (gneiss) என்கிற வரிவரியான பாறை வெயிலிலும் குறைந்த மழையிலும் மக்கிக் கறுத்தது.

எரிமலைத் தேரி பார்க்கவேண்டுமென்றால் ஓல்டுவாய் பள்ளத்தாக்குப் பக்கம் போகவேண்டும். கருப்புத் தேரி. லெங்காய் சாம்பல் பிறைநிலா வடிவத்தில் குவிந்து, காற்றோடு வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் நகர்கிறது. ஒரு பிடி அள்ளிக் காற்றில் வீசினால் சிதறாமல் கூடிக்கூடி விழும், அதில் காந்தம் இருக்கிறது. வழியில் எப்போது எங்கே இருந்தது என்று கல் நட்டு வருஷம் எழுதியிருக்கிறார்கள். சாத்தான்குளம் பக்கம் தேரி நகர்ந்து தோட்டத்தை மூடின கதையை எங்கள் அத்தை சொல்வாள், அங்கே நின்றபோது அவள்தான் ஞாபகம் வந்தாள்.

7 ஜூலை

அபிஷேகப்பட்டி. 1998-ல் பாறை உருகிக் கருப்புக் கண்ணாடிபோலக் கிடந்தது என்பது சேதிதான், பொய் இல்லை. பூமிக்குள்ளிருந்து வந்தது என்று ஒரு கட்சி, மின்சாரம் மண்ணுக்குள் பாய்ந்து உருக்கியது என்று ஒரு கட்சி. நான் இரண்டாம் கட்சி. எங்கள் தெருக்கோடியில் ஒருமுறை பெரிய லைன் அறுந்து மணலில் விழுந்து அரைமணி நேரம் துடித்தது. மறுநாள் பார்த்தேன், மணல் கட்டியாகி வேர் மாதிரிக் கிளை விட்டு, உள்ளே பாட்டில் கண்ணாடி. முதல் கட்சி சொல்வதையே ஒப்புக்கொண்டாலும் ஒரு கூடைக் கல் எரிமலை ஆகாது தம்பி.

13 ஜூலை

இப்போது பாறை.

மச்சானோடு நேற்று ஒரு கல்குவாரிக்குப் போயிருந்தேன், ஜல்லி விலை பேச. புதிதாக உடைத்த கல் ஒன்றை எடுத்தேன். வெளியே வெயில் பட்ட பக்கம் பழுப்பு, உடைந்த முகம் பச்சையும் கருநீலமும் கலந்து எண்ணெய் தடவினது போல மினுக்கம். இதுதான் சார்னகைட். பாறையியலில் தமிழ்நாட்டை உலகத்துக்குக் காட்டின கல். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக்கு இந்தக் கல்லைத்தான் வைத்திருந்தார்கள், அதனால் தாமஸ் ஹாலந்து இந்தப் பெயரை வைத்தார். பரங்கிமலையும் இதே கல்தான்.

விஷயம் என்னவென்றால், இந்தக் கல் வெளியே காற்றுப்படுகிற இடத்தில் உண்டாகவே முடியாது. இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரிக்கு மேல் வெந்து, உருகியும் உருகாமலும் நின்ற கல். நம் பக்கத்தில் அது வெந்தது சுமார் 55 கோடி வருஷம் முன்னால். அதற்கு மேலே இருந்த அத்தனை கிலோமீட்டரும் அரித்துப் போனபிறகுதான் இது வெளியே தெரிகிறது. உவரிக் கடற்கரையில் அலை போனபிறகு சிவப்பாகப் படிகிற கார்னெட் என்கிற தாது மணலும் அந்த ஆழத்துச் சரக்குதான், பாறையிலிருந்து கழன்று ஆற்றோடு போனது.

அங்கே நான் கூரை விழுந்த வீட்டைப் பார்த்தேன். இங்கே கூரை இல்லை, சுவர் இல்லை, மேல்தளமே இல்லை. நாம் அஸ்திவாரத்தின் மேல் நடந்துகொண்டிருக்கிறோம். அந்த வீடியோக்காரன் பொதிகையை எரிமலை என்று சொல்லி மலையைக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான். காரையார்க் கிண்ணம் அந்தப் பாறையில் ஆறும் பிளவும் சேர்ந்து வெட்டினது. எரிமலைப் பாறை அங்கே இருந்தால் மச்சான் என்றைக்கோ ஜல்லி ஆக்கியிருப்பான்.

13 ஜூலை, மாலை

கடைசி வரி விளையாட்டு. அது புலிகள் காப்பகம், அங்கே யாரும் கல் உடைக்கக்கூடாது, மச்சானும் உடைக்கவில்லை. அவன் இதைப் படிக்கிறான்.

25 ஜூலை

நேற்று ஆடி அமாவாசை, சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போய் வந்தோம். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பிளாஸ்டிக் பார்த்தார்கள். என் மனைவி உடனே ‘கொரங்கு ஊரு கேட்டு மாதிரியே’ என்றாள். அங்கேயும் ஒரு அதிகாரி என் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார், உள்ளே எலுமிச்சை அளவு ஓட்டை ஓட்டையான எரிமலைக் கல். திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வா என்றார். போட்டேன். அவமானமாகத்தான் இருந்தது.

முண்டந்துறை 1962, களக்காடு 1976, இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகம் 1988. ஙொரொங்கோரோவில் ஒரு வித்தியாசம், மாசாய் மக்கள் மாட்டோடு அதற்குள்ளேயே வாழலாம் என்று சொல்லித்தான் 1959-ல் அதைப் பிரித்தார்கள், செரெங்கெட்டியிலிருந்து கிளப்பினவர்களை இங்கே அனுப்பினார்கள். 1974-ல் பள்ளத்தின் தரையிலிருந்தும் ஏற்றிவிட்டார்கள். 2022 முதல் தூரத்தில் ம்சோமெரா என்கிற ஊருக்குக் குடிபெயர்ப்பு. நான் பார்த்த காலத்தில் சிவப்புப் போர்வை போர்த்தின பையன்கள் விளிம்பில் மாடு மேய்த்தார்கள். கோவிலிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1929-ல் போட்ட 99 வருஷக் குத்தகை முடியுமுன்னாலேயே, போன வருஷம் இறங்கச் சொன்னதைச் சொல்லிக்கொண்டு வந்தார். காடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

3 ஆகஸ்ட்

‘நம் நாட்டில் எரிமலையே இல்லையா’ என்று கேட்டவருக்கு: அந்தமானில் பாரன் (Barren) தீவு இருக்கிறது, இன்றும் புகைகிறது, அதுவும் இரண்டு கிலோமீட்டர் அகலக் கால்டெராதான், ஒரு பக்கம் சுவர் உடைந்து கடலைப் பார்க்கிறது. சாம்பலும் வந்திருக்கிறது. சுமத்ராவில் டோபா 74,000 வருஷம் முன்னால் வெடித்த சாம்பல் ஆந்திராவில் ஜ்வாலாபுரத்தில் படுகையாகக் கிடக்கிறது. டோபா கால்டெரா 100 கிலோமீட்டர் நீளம், அதன் முன்னால் என் ஙொரொங்கோரோ சட்னிக் கிண்ணம். ஆனால் அது தண்ணீர் நிரம்பினது, அதனால் 19 ஜூனில் நான் சொன்னது நிற்கிறது.

4 ஆகஸ்ட்

லெராய் காட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று மனைவி புகார். தரையில் ஏரிக்குப் பக்கத்தில் மஞ்சள் பட்டை வேலமரக் காடு. கிழட்டுக் கொம்பன் யானைகள் தனியாக நிற்கும். நிறைய மரம் பட்டுப்போய் நின்றது, மண்ணில் உப்பு ஏறினதும் ஒரு காரணம் என்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கி ஒன்றுகூடப் பார்க்கவில்லை, அந்தச் சுவரில் அது இறங்காது, இறங்கினாலும் எட்டித் தின்ன மரம் போதாது. 25,000 பெரிய மிருகம் இருக்கிற இடத்தில் அது மட்டும் இல்லை. போதுமா?

10 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட தம்பி, வீரவநல்லூர்க் கிணற்றில் எடுத்த கல்லின் போட்டோ அனுப்பியிருந்தாயே, அந்தச் சிவப்புப் பரு எல்லாம் கார்னெட். எரிமலை இல்லை. தூக்கிப் போடாதே.

பரணில் தேடினேன், ஹார்லிக்ஸ் பாட்டிலில் அருஷா மகாடி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, பதினாலு வருஷத்தில் ஈரம் குடித்து ஒரே கட்டியாகிவிட்டது. ஸ்பூன் உள்ளே போகவில்லை, பாட்டிலை உடைத்துத்தான் எடுத்தேன். ஒரு துண்டின்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தேன், புஸ்ஸென்று நுரை பொங்கித் திண்ணையெல்லாம் வழிந்தது. அடுத்த ஞாயிறு வந்தால் பாதித் துண்டு உனக்கு, உன் கார்னெட் கல்லில் பாதி எனக்கு.

வரும்போது ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு வா, வீட்டில் இருந்ததை நான் பிழிந்துவிட்டேன் என்று இன்னும் மனைவிக்குத் தெரியாது.